“எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!” – செங்கண்மாரியும் நாம் வாழும் சூழலும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும் அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறிய பின் குடியுங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சொன்னால், நமது வீடுகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான் எழுகின்றது. “நாங்கள் இந்தக் கிணற்றில் அள்ளிக் குடித்துத்தானே வளர்ந்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!” இவ்வாறு கூறுபவர் பொய் கூறவில்லை. அவருக்கு உண்மையாகவே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவரைக் காத்த அதே காரணம் அவருடைய பிள்ளையைக் காக்காது. சில வேளைகளில் தகப்பனுக்குத் தீங்கு செய்யாத நீர் மகனை வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்திவிடும். இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

செங்கண்மாரி என்பது யாது?

கண்ணும் தோலும் மஞ்சளாவதையே நமது மக்கள் செங்கண்மாரி என்கின்றனர். அது ஈரல் பாதிக்கப்பட்டதைக் காட்டும் அடையாளமேயன்றி, தனியொரு நோயின் பெயரன்று. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நீராலும் உணவாலும் பரவுகின்ற ஹெபடைடிஸ் ஏ எனும் வைரசு ஒன்றாகும். ஹெபடைடிஸ் பி, சி ஆகியன இரத்தத்தின் மூலம் பரவுவன. நெடுங்காலம் உடலில் தங்கி ஈரலைச் சிதைக்கக் கூடியன. ஏ வகை அவ்வாறு தங்குவதில்லை. ஒருமுறை வந்து குணமானால் வாழ்நாள் முழுவதும் அது மீண்டும் அந்த மனிதரைத் தாக்காது.

இவ்வைரசு நோயாளியின் மலத்துடன் வெளியேறுகின்றது. வெளியேறிய கிருமி இன்னொருவரின் வாயைச் சென்றடைந்தால் நோய் தொற்றும். கிணறு, வாளி, செம்பு, கை, ஐஸ் கட்டி, கழுவாத கீரை எதுவும் அதன் பாதையாகலாம். உடலில் நுழைந்த கிருமி நோயாக வெளிப்படுவதற்குச் சராசரியாக நான்கு வாரங்கள் ஆகும். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கண் மஞ்சளாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னரே அவர் பிறருக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகின்றார். மஞ்சள் தெரிந்த பின்னர் அவரை ஒதுக்கிவைப்பதால் மட்டும் நோயைத் தடுத்துவிட முடியாது.

சிறுவயதில் வந்தால் தெரியாது. வளர்ந்தபின் வந்தால் விடாது

இந்நோயின் மிக வியப்பான இயல்பு, வயதுக்கு ஏற்ப அது தன் முகத்தை மாற்றிக்கொள்வதாகும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இக்கிருமி தொற்றினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. அவர்களுள் சுமார் 10 வீதமானோருக்கே கண் மஞ்சளாகின்றது. ஏனையோருக்கு இரண்டு நாட் காய்ச்சல், சிறிது வயிற்றுப்போக்கு, அல்லது அதுவுமில்லை. தாய்க்குக்கூடத் தெரியாமல் நோய் வந்து போய்விடுகின்றது. அப்பிள்ளை வாழ்நாள் முழுதுக்குமான எதிர்ப்புச் சக்தியைப் பெற்றுவிடுகின்றது.

அதே கிருமி வளர்ந்த பிள்ளைகளையும் பெரியவர்களையும் தாக்கும்போது 70 வீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மஞ்சள் வெளிப்படையாகத் தோன்றுகின்றது. வாந்தி, உணவில் வெறுப்பு, கடும் சோர்வு என வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அது நீடிக்கும். படிப்பும் தொழிலும் தடைப்படும். மிகச் சிலருக்கு ஈரல் முற்றாகச் செயலிழந்து மரணமும் நேரும். வயது ஏற ஏற இவ்வாபத்தும் ஏறுகின்றது. 2016ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் இந்நோயால் ஏறத்தாழ 7,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

இப்போது அந்தப் பழைய பதிலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். “எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!” அவருக்கு நோய் வராமல் இருக்கவில்லை. நினைவு தெரியாத வயதில், பெரும்பாலும் மூன்று நான்கு வயதிலேயே அது வந்து, தெரியாமலே போயிருக்கும். ஆகவே அவர் குடித்த நீர் நல்ல நீர் என்பதற்கு அவருடைய உடல் சாட்சியாகாது. அந்த நீரில் கிருமி இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சியாகலாம்.

வாழ்க்கை உயரும்போது நோய் ஏன் வெளிப்படுகின்றது?

ஒரு சமூகத்தின் வாழ்க்கை நிலையையும் இந்நோயையும் இணைத்து உலக சுகாதார நிறுவனம் நாடுகளை வகைப்படுத்துகின்றது. மலசலகூட வசதியும் தூய நீரும் அற்ற, நெரிசல் மிகுந்த இடங்களில் பத்து வயதை அடையுமுன்னரே 90 வீதமான பிள்ளைகள் இக்கிருமியைச் சந்தித்துவிடுகின்றனர். அங்கே பெரியவர்களிடம் நோய் அரிது. தொற்றுக்கு ஆளாகக்கூடிய பெரியவர் எவரும் எஞ்சியிருப்பதில்லை. வளர்ச்சியடைந்த நாடுகளில் கிருமியே அரிது. ஆகையால் நோயும் அரிது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமூகமே ஆபத்தானது. அங்கே வீடு கல்வீடாகியிருக்கும்; நீர் அடைத்த மலசலகூடம் வந்திருக்கும்; குடும்பத்தில் பிள்ளைகள் இருவரோ மூவரோ இருப்பர்; போத்தலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பர். அதனால் பிள்ளைகள் சிறுவயதில் கிருமியைச் சந்திக்காமலே வளர்கின்றனர். ஆனால் ஊரின் கிணறு, கழிவுக்குழி, வடிகால், கடைத்தெரு ஆகியன முழுமையாகத் திருந்தியிருக்கமாட்டா. கிருமி ஊரை விட்டு நீங்கவில்லை. அதைத் தாங்கும் சக்தி மாத்திரம் இளைஞர்களை விட்டு நீங்கிவிட்டது. இந்நிலையில் ஒரு கிணறு மாசுபட்டால், ஒரு விருந்தில் பிழை நேர்ந்தால், பாடசாலை மாணவர்களும் வாலிபர்களும் கூட்டமாக நோயுறுகின்றனர்.

அவ்வாறாயின் பிள்ளைகளைப் பழையபடி அழுக்கு நீரில் விட்டுவிடலாமே என்று எவரும் எண்ணிவிடலாகாது. செங்கண்மாரிக் கிருமி வருகின்ற அதே பாதையில்தான் நெருப்புக் காய்ச்சலும், வாந்திபேதியும், கர்ப்பிணிகளின் உயிருக்கு உலை வைக்கின்ற ஹெபடைடிஸ் ஈ கிருமியும் வருகின்றன. முன்னோர் காலத்தில் வயிற்றுப்போக்கால் மடிந்த குழந்தைகள் எத்தனை பேர்! அவர்கள் இன்று எழுந்துவந்து “எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லப்போவதில்லை. எனவே பின்னோக்கிச் செல்வது தீர்வன்று. தொடங்கிய சுத்தத்தைக் கிணறு வரை, கடை வரை, கை வரை முழுமையாக்குவதே தீர்வாகும்.

நமது தீவுகளின் நிலை

இக்கணக்கை நமது மண்ணில் வைத்துப் பார்ப்போம். வேலணையிலிருந்து கடலின் நடுவே செல்லும் பாதையைக் கடந்து புங்குடுதீவின் மடத்துவெளிப் பக்கம் வருகின்ற எவரும் முதலில் கேட்பது நல்ல தண்ணீரைப் பற்றியே. புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் ஆறில்லை. மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, உவர் நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கின்றது. அந்த மெல்லிய படைதான் நமது நன்னீர். அதிகமாக இறைத்தால் உவர் மேலெழும். அதனால் பத்துக் கிணறுகள் இருந்தாலும் குடிக்கத் தகுந்தது ஒன்றோ இரண்டோதான். ஊர் முழுவதும் அந்த ஒன்றிரண்டு கிணறுகளையோ பவுசரையோ நம்பியிருக்கின்றது. நல்ல கிணறு ஒன்றே என்றால், அது மாசுபடும் நாளில் ஊர் முழுவதும் ஒரே நாளில் ஆபத்துக்குள்ளாகும்.

இரண்டாவது, நமது நிலத்தின் அமைப்பு. யாழ்ப்பாணக் குடாநாடும் இத்தீவுகளும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தவை. களிமண் நிலத்தில் கழிவு நீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்திகரிக்கப்படும். சுண்ணாம்புக் கல்லிலோ வெடிப்புகளும் துவாரங்களும் உள்ளன. அவற்றினூடாகக் கழிவு வடிகட்டப்படாமலே விரைந்து ஓடும். கழிவுக்குழிக்கும் நீர்நிலைக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் இடைவெளி வேண்டும் என்றும், வெடிப்புள்ள பாறை நிலத்தில் அதனினும் கூடுதலாக வேண்டும் என்றும் ஸ்பியர் எனப்படும் சர்வதேச மனிதாபிமான நியமங்கள் கூறுகின்றன. சிறிய வளவுகளில், அயல் வீட்டுக் குழியையும் சேர்த்து அளந்தால், எத்தனை வீடுகளில் இந்த இடைவெளி கிடைக்கும்? வடகீழ்ப் பருவ மழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலிருந்த சிறிதளவு பாதுகாப்பும் குறைந்துவிடுகின்றது.

மூன்றாவது, தண்ணீரின் பற்றாக்குறையே அசுத்தத்துக்கு வழிகோலுகின்றது. தூரத்திலிருந்து கலனில் கொண்டுவந்த நீரை உலைக்கும் குடிப்பதற்கும் ஒதுக்கியபின், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ எஞ்சுவது சொற்பமே. கடல்நீரைச் சுத்திகரித்து வழங்கப்படும் நீர் இயந்திரத்திலிருந்து வெளிவரும்போது தூயதாகவே இருக்கின்றது. மூடியில்லாத கலனில் ஊற்றி, அதற்குள் கைவிட்டு மொண்டால், சுத்திகரித்ததன் பயன் அங்கேயே முடிந்துவிடும்.

நான்காவது, நமது மக்களின் இடப்பெயர்வு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களில் முகாம் வாழ்க்கை வாழ்ந்தனர். 1990களின் தொடக்கத்திலேயே தீவக மக்களும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஒரு கிணற்றையும் ஒரு மலசலகூடத்தையும் பல குடும்பங்கள் பங்கிட்ட முகாம்களில் தவழ்ந்த குழந்தைகள் வேறு. பின்னர் நல்ல வீடுகளில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் வேறு. கனடாவிலும் பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் பிறந்து, விடுமுறைக்கும் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்பும் வாலிபர்கள் இன்னும் வேறு. மூன்று தலைமுறையினரும் ஒரே கிணற்று நீரை அருந்துகின்றனர். மூத்தவருக்கு அது வெறும் நீர். இளையவருக்கு அது நோயாகலாம். பூட்டிக் கிடக்கும் வளவுகளில் பராமரிப்பற்றிருக்கும் கிணறுகளையும் குழிகளையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தவை நமக்குச் சொல்வது

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 2007ஆம் ஆண்டு கம்பளைப் பிரதேசத்தில் ஹெபடைடிஸ் ஏ பரவிப் பலர் நோயுற்றனர். 2009இல் யுத்தம் முடிவுற்றபோது வவுனியா மெனிக் பாம் முதலிய முகாம்களில் இலட்சக்கணக்கானோர் நெருக்கமாகத் தங்கவைக்கப்பட்டனர். அங்கும் இந்நோய் பரவியது. நம் நாட்டில் எல்லோரும் சிறுவயதிலேயே எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தால் இவ்வாறு கூட்டங் கூட்டமாக மஞ்சள் தோன்றியிருக்க முடியாது. நாம் அந்த இடைப்பட்ட நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை இவை உணர்த்துகின்றன.

கேரளம் இதற்குத் தெளிவான உதாரணம். கல்வியறிவிலும் வீட்டு வசதியிலும் இந்தியாவில் முன்னணியில் நிற்கும் மாநிலம் அது. ஆயினும் வீட்டுக்கு வீடு கிணறும், அதன் அருகே கழிவுக்குழியும் உள்ள மாநிலமும் அதுவே. எர்ணாகுளம் மாவட்டத்தின் வேங்கூரில் 2024 ஏப்ரல், மே மாதங்களில் மாசுபட்ட குடிநீர் விநியோகத்தினால் சுமார் 200 பேர் நோயுற்றனர்; உயிரிழப்பும் நேர்ந்தது. அதே ஆண்டில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்திலும் நோய் பரவியது. அங்கே ஒரு பரவல் திருமண விருந்தொன்றுடன் தொடர்புபட்டதாக அறியப்பட்டது.

இன்னும் பெரிய படிப்பினை சீனாவின் ஷாங்காய் நகரில் கிடைத்தது. 1988இன் தொடக்கத்தில், கழிவு கலந்த கரையோர நீரில் எடுத்த மட்டியைச் சரியாக வேகவைக்காமல் உண்டதனால் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நோயுற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் 20 முதல் 39 வயதுக்குட்பட்டவர்கள். அவர்களின் பெற்றோரும் அதே மட்டியை உண்டிருப்பர். வேறுபாடு மட்டியில் இருக்கவில்லை. பிறந்து வளர்ந்த காலத்தில் இருந்தது.

வுழூவுக்குத் தகுந்த நீர், குடிக்கத் தகுந்த நீரா?

நேயர்களே! இங்கே மார்க்கச் சட்டம் சம்பந்தமான ஒரு விளக்கம் அவசியமாகின்றது. ஷாபிஈ மத்ஹபின்படி குல்லதைன் அளவை, அதாவது சுமார் 200 லீற்றரை அடைந்த நீரில் அசுத்தம் விழுந்தாலும், நிறம், மணம், சுவை ஆகிய மூன்றில் ஒன்றேனும் மாறாதவரை அது சுத்தமானதாகவே கருதப்படும். பள்ளிவாசல் ஹவ்ழும் கிணறும் இச்சட்டத்தின் கீழ் அமைந்தவை. மக்களுக்குச் சிரமத்தை நீக்குகின்ற இலகுவான சட்டம் இது.

ஆனால் சிலர் இச்சட்டத்தை நீரின் ஆரோக்கியத்துக்கான அத்தாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொள்கின்றனர். இது பிழையான விளக்கமாகும். வைரசு நிறத்தையும் மாற்றாது, மணத்தையும் மாற்றாது, சுவையையும் மாற்றாது. வணக்கத்துக்கு அந்த நீர் செல்லும் என்பது ஒரு விடயம். வயிற்றுக்கு அது தீங்கு செய்யாது என்பது வேறொரு விடயம். உடலுக்குத் தீங்கு தருவதை உட்கொள்ளலாகாது என்பதும் அதே ஷரீஅத்தின் விதியே. எனவே சந்தேகமுள்ள கிணற்று நீரில் வுழூச் செய்யுங்கள். வாய் கொப்பளித்த நீரை விழுங்காமல் துப்புங்கள். குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரைப் பயன்படுத்துங்கள்.

தூக்கத்திலிருந்து எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தினுள் விடலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கை இரவில் எங்கே பட்டது என்பது அவருக்குத் தெரியாது என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். கண்ணுக்குத் தெரிந்த அழுக்கை அன்று, தெரியாததையே காரணமாகக் காட்டியதைச் சிந்தியுங்கள். தேங்கிய நீரிலும், மக்கள் நீரெடுக்கும் இடத்திலும் மலசலம் கழிப்பதை அவர்கள் தடுத்தார்கள். பாத்திரங்களை மூடிவைக்கப் பணித்தார்கள். சுத்தம் செய்த பின் கையை மண்ணில் தேய்த்துக் கழுவியதாகவும் ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். அன்று மண், இன்று சவர்க்காரம். நீரால் சுத்தம் செய்யும் நற்பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாதவரை அச்சுத்தம் முழுமையடைவதில்லை.

ஒரே ஸஹனில் அமரும்போது

ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து உண்பது நமது சமூகத்தின் அழகிய வழக்கம். அதை விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. ஆறு பேரில் ஒருவருடைய கை சுத்தமில்லையெனில், ஏனைய ஐவரின் சுத்தத்தாலும் பயனில்லை என்பதையே கூறுகின்றோம். ஆகவே விருந்து நடத்துவோர் அலங்காரத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியைக் கை கழுவும் குழாய்க்கும் சவர்க்காரத்துக்கும் ஒதுக்கட்டும். விரல் நனைத்துவிடும் ஒரு பாத்திரத் தண்ணீர் கை கழுவியதாகாது. கையில் தடவும் மதுசாரத் திரவமும் இவ்வைரசுக்குப் போதியதன்று.

சமைப்போரும் பரிமாறுவோரும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் பணியிலிருந்து விலகவேண்டும். சர்பத்தில் இடும் ஐஸ் கட்டி எந்த நீரில் செய்யப்பட்டது என்று விசாரியுங்கள். குளிர் இக்கிருமியைக் கொல்வதில்லை, பாதுகாத்தே வைக்கின்றது. கொதிப்பு அதைக் கொல்கின்றது. நோன்புக் கஞ்சி கொதிக்கின்றது. அதை ஊற்றும் கோப்பை கழுவிய நீர் கொதிக்கவில்லை என்பதையும் மறவாதீர்கள்.

பெற்றோரும் இளைஞரும் செய்ய வேண்டியவை

குடிநீரை நன்கு கொதிக்கவையுங்கள். கொதித்த நீரை மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, பிடி நீண்ட அகப்பையால் மொள்ளுங்கள். கிணற்றைச் சுற்றிக் கட்டும் சீமெந்துத் தளமும் அமையுங்கள். வெள்ளம் வடிந்த பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடிக் குளோரின் இடச் செய்யுங்கள். புதிய வீட்டுக்கு வரைபடம் போடும்போது சமையலறைக்கு முன் கழிவுக்குழியின் இடத்தைத் தீர்மானியுங்கள். அயலவரின் கிணறு எங்கே உள்ளது என்பதையும் பாருங்கள். அயலவருக்குத் தீங்கிழைக்காதிருப்பது ஈமானோடு சம்பந்தப்பட்ட விடயம். அத்தீங்கு நிலத்தின் அடியால் சென்றாலும் அது தீங்குதான்.

இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஒரு வயது முதல் அதைக் கொடுக்கலாம். ஆர்ஜென்டினா நாடு 2005 முதல் ஒரு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரு தடவை கொடுத்து இந்நோயைப் பெருமளவு குறைத்தது. நமது நாட்டில் பெற்றோர் பலர் தம் பிள்ளைக்கு ஹெபடைடிஸ் ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று என நம்புகின்றனர். குழந்தைகளுக்கு அரசாங்கம் வழங்குவது பி வகைக்கானது. அது ஏ வகையிலிருந்து காக்காது. வசதியுள்ளோர் வைத்தியரிடம் ஆலோசித்து ஏ வகைக்கான ஊசியைப் பெறலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவோர் பயணச்சீட்டு வாங்கும்போதே இதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நோய் வந்துவிட்டால் அஞ்சவேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஏ வகைக்கென்று தனி மருந்தில்லை. ஓய்வும் நீராகாரமும் உணவுமே தேவை. பெரும்பாலானோர் தாமாகவே குணமடைகின்றனர். கீழ்க்காய்நெல்லிக்கும் ஓதிப் பார்த்ததற்கும் பிறகு குணமானது என்பதால் வைத்தியசாலைக்குச் செல்லத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எந்த வகைச் செங்கண்மாரி என்பது இரத்தப் பரிசோதனையாலேயே தெரியும். கடும் பத்தியம் என்று உணவை நிறுத்தி நோயாளியைப் பலவீனமாக்க வேண்டாம். வைத்தியரைக் கேளாமல் பரசிட்டமோலும் கொடுக்க வேண்டாம். நோயுற்ற ஈரலுக்கு அது சுமையாகும். நோயாளி குழம்பிப் பேசினாலோ, அளவுக்கு மீறி உறங்கினாலோ, இரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழ்வோர் கடல் கடந்தே செல்லவேண்டியிருப்பதால், அந்தி சாயும்வரை காத்திருக்க வேண்டாம்.

நோயாளியை வெட்கப்படுத்தாதீர்கள்; மறைக்கவும் செய்யாதீர்கள். இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் கிடைத்தால்தான் எந்தக் கிணறு, எந்தக் கடை என்று கண்டறிந்து அடுத்தவரைக் காப்பாற்ற முடியும்.

அன்பார்ந்த நேயர்களே! நம் முன்னோர் கஷ்டப்பட்டு வாழ்ந்து பிள்ளைகளை நல்ல வீட்டில் வளர்த்தனர். அந்த நல்ல வாழ்வு பிள்ளைகளிடமிருந்து பழைய எதிர்ப்புச் சக்தியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாகச் சுத்தமான நீரை முழுமையாகக் கொடுத்துத் தீர்ப்பது இப்போது நமது கடமை. ஊரின் பொதுக் கிணறு ஒரு வீட்டாரின் பொறுப்பன்று. ஊரார் அனைவரின் மீதும் உள்ள பர்ழு கிபாயாவாக அதை எண்ணிச் செயற்படுவோமாக. இனி யாரேனும் “எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சொன்னால், “அல்ஹம்துலில்லாஹ், உங்களுக்கு ஆகவில்லை; உங்கள் பிள்ளைக்கும் ஆகாதிருக்க அடுப்பில் தண்ணீரை வையுங்கள்” என்று அன்போடு சொல்லிவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நமது தீவுகளின் நீரில் பரக்கத்தையும், நமது பிள்ளைகளுக்கு ஆஃபியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.